கேட் மூடியிருந்த பதினோரு நிமிடம்

கொருக்குப்பேட்டை கேட்டில்
ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு
ஒரு பிராய்லர் கோழி கீழே விழுந்தது.
கூண்டில் அடிக்கம்பி விட்டிருந்தது.
நேற்றே சணலால் இறுக்கியிருக்க வேண்டும், என் தப்பு.

விழுந்தது, எழுந்தது.
நாற்பது நாள் வயதில் முதல் முறையாகத் தரை.
நெஞ்சுக்கறிக்காக வளர்த்த உடம்பு முன்னால் இழுக்க
கேஸ் சிலிண்டரை வயிற்றோடு அணைத்துத் தூக்குபவன் போல
தண்டவாளத்தைப் பார்த்து நடந்தது.

எண்ணூர் பக்கமிருந்து டேங்கர் கூட்ஸ் வந்துகொண்டிருந்தது.
கேட்டுக்கு இந்தப்பக்கம் எண்பது பேர் இருப்போம்.
அவ்வளவு பேரும் கத்தினார்கள்,
“யோவ், கோயி போவுதுய்யா!”

நைட் ஷிப்ட் முடிந்த துறைமுகத்து ஆள்
லுங்கியை மடித்துக்கட்டிக் குனிந்து உள்ளே ஓடினார்.
மீன்பாடி வண்டிக்காரர் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.
அவர் பெட்டியில் கால் கட்டிய நண்டுகள்
நுரை விட்டுக்கொண்டிருந்தன.
அதை யாரும் பார்க்கவில்லை.
நண்டு கத்தாது.

ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்த பெண்,
பத்து வயதிருக்கும், சர்ச்சுக்குப் போகிற வெள்ளை கவுன்,
அதிலேயே வாரிப் பிடித்துவிட்டாள்.
“இத வெட்டாதண்ணா.”
“சரி” என்றேன்.
எண்பது பேர் பார்க்கையில் வேறென்ன சொல்ல.
பேரும் வைத்துவிட்டாள், ரூபி என்று.
எல்லோரும் கைதட்டினார்கள்.

கேட் திறந்தது.
அத்தனை ஹாரனும் ஒன்றாய்.
“வண்டிய எட்றா சோமாறி!” என்று கத்தியவர்
ரூபிக்காகக் குனிந்து ஓடியவர்தான்.
அவர் பைக்கில் காலியாய் ஒரு மஞ்சள் பை ஆடியது.

ரூபியைக் கூண்டில் போட்டேன். சணலை இறுக்கினேன்.

தண்டையார்பேட்டையில் ஜெபசீலி அக்கா எண்ணினாள்.
அறுபத்திரண்டு. சரி.

இதில் எது ரூபி?
காலில் தண்டவாளத்துக் கரி இருக்குமென்று தேடினேன்.
எல்லாக் காலிலும் எச்சம்.
“ரூபி” என்று கூப்பிட்டும் பார்த்தேன்.
கோழிக்கு நேராகப் பார்க்க வராது.
பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணால்,
அறுபத்திரண்டும் பார்த்தன.
“யார்றா அது ரூபி? புச்சா கீதா?” என்றாள் அக்கா.

நான் இரக்கப்படுகிற ஆள் இல்லை.
தின்கிறவன். ஈரல் என்றால் இரண்டாவது தட்டு.
பெரம்பூரில் வீடு கேட்டுப் போனபோது
“கறி சமைப்பீங்களா?” என்று கேட்ட வீட்டுக்காரர்
படியில் படுத்திருந்த நாயைச்
செருப்பால் அடித்தபடிதான் கேட்டார்.
அவரிடம் போய்க் கருணை படிக்க எனக்கு இஷ்டமில்லை.
ஆனால் அவர் கேட்டுவிட்டதால்
கேள்வி அவருடையதாகிவிடுமா?

ஒன்றை வெட்டமாட்டேன் என்று சொன்னவன்
அது எதுவென்று தெரியாவிட்டால்
எத்தனையை விட வேண்டும்?
அக்கா வட்டிக்கணக்கே வாயால் போடுவாள்.
இதை அவளிடம் கேட்க முடியாது.

ஏழு மணிக்கெல்லாம் வரிசை.
கையை உள்ளே விட்டேன்.
கழுத்து சூடாக இருந்தது, விரலுக்கடியில்
சின்னதாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.
இதுவாக இருக்காது, என்று சொல்லிக்கொண்டேன்.
அடுத்தது.
இதுவாக இருக்காது.
தோலோடு, தோலில்லாமல், பிரியாணி சைஸ், சூப்புக்கு எலும்பு.
இதுவாக இருக்காது.
கேட்டு வாங்கிப்போன ஒருவருக்கும் தெரியாமல்
ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சொன்னேன்.

பத்தரை மணிக்குக் கூண்டில் ஒன்று மிச்சம்.
இதுவரை நான் சொன்னதெல்லாம் உண்மையென்றால்
இதுதான் ரூபி.

கத்தியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.
அக்கா கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் பை வந்தது.
தூங்கி எழுந்த முகம், அதே லுங்கி,
என்னை அடையாளம் தெரியவில்லை.
“இன்னா, முட்ஞ்சிதா?” என்று கேட்டுக்கொண்டே
கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.
“தோ, அது ஒன்னு கீதே.”